சிவப்புச் சுவர், நீலச் சுவர்

அத்தியாயம் 17

போன வாரம் அக்கா அந்தக் கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்ததோடு நிறுத்தியிருந்தோம். அது இன்னும் பையில்தான் இருக்கிறது. தினமும் சட்டை மாற்றுகிறாள். பழைய சட்டையிலிருந்து எடுத்துப் புதுச் சட்டையில் வைத்துக்கொள்கிறாள். பிரித்துப் படிப்பதில்லை. மனப்பாடமே ஆகிவிட்டது, எதற்குப் படிக்க?

விஷயம் இதுதான். லிஃப்ட் மெக்கானிக்கான அக்காவுக்கு, எட்டு மணி நேரப் பயணத் தொலைவிலுள்ள ஓர் ஊரில் மேற்பார்வையாளர் வேலை தயாராக இருக்கிறது. வருகிறாயா, இல்லையா என்று அவள் கம்பெனி கேட்டிருக்கிறது. பதில் சொல்ல இன்று மாலை ஆறு மணி வரைதான் நேரம்.

பதவி மேல் அவளுக்கு ஆசை இல்லை. இந்த வீட்டில் தான் ஒரு ஆள் அதிகம் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. அவ்வளவுதான்.

வீட்டில் மூன்று அறை. ஒன்று தம்பியும் அவன் மனைவியும் தூங்க. ஒன்று அவன் வரைய. ஒன்று அவள் வரைய. அக்காவுக்கு ஹாலில் சோபா. ஒரே அறையில் இருவரும் வரையக் கூடாதா என்று புதிதாகப் படிப்பவர்கள் கேட்கலாம். கூடாது. தம்பி சிவப்புக் கம்பெனியின் சூப்பர் ஹீரோ காமிக்ஸ் ஓவியன். அவன் மனைவி, நீலக் கம்பெனியின் டிவி கார்ட்டூன்களுக்குப் பாத்திரங்களை உருவாக்குகிறவள். இந்த இரண்டு கம்பெனிகளுக்கும் முப்பது வருஷமாக ஜென்மப் பகை. இவர்கள் கல்யாணத்துக்கு இரண்டு கம்பெனி ஆட்களும் வந்து, எதிரெதிர் வரிசையில் உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அதனால் வீட்டில் ஒரு சட்டம். செருப்பைக் கழற்றும்போதே கம்பெனியையும் வாசலில் கழற்றிவிட வேண்டும். யார் என்ன வரைகிறார்கள் என்று மூச்சு விடக் கூடாது. இரண்டு அறைக்கும் தனித்தனிப் பூட்டு.

சட்டத்தை இருவரும் ஒழுங்காகக் காப்பாற்றினார்கள். நடுவில் அக்காதான் யாருமே பார்க்காத நாற்காலி மாதிரி ஆகிவிட்டாள். அப்படித்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். ஒரு மாதமாக வீட்டில் சாப்பிடுவதுகூட இல்லை. "வெளியில பாத்துக்கறேன். ரெண்டு பேருக்கு மட்டும் சமைங்க" என்று சொல்லிவிடுகிறாள்.

இன்று காலை எட்டு மணிக்கு, தம்பி மனைவியின் அறைக்குள்ளிருந்து கதவைத் தட்டும் சத்தம் கேட்டது.

"அக்கா! பூட்டு மாட்டிக்கிச்சு! சாவி திரும்பவே மாட்டேங்குது!"

"சாவிய விடு, பென்சில். பலமா திருப்பினா உள்ளயே உடைஞ்சிரும்."

பென்சில் என்பது அக்கா வைத்த பெயர். தம்பி மனைவியின் கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். தம்பிக்குச் சின்ன வயசிலிருந்தே ரப்பர் என்று பெயர். வரைவதைவிட அழிப்பது அதிகம்.

"ஒன்பது மணிக்கு நான் நூலகத்துல இருக்கணும்க்கா, சாயங்கால விழாவுக்குச் சுவர ஜோடிக்கணும்!"

"இருப்பே. பத்து வரைக்கும் எண்ணு, வந்துடறேன்."

அக்காவின் பத்து நம் பத்தைவிடக் கொஞ்சம் நீளம். கருவிப் பையை எடுத்து, பூட்டில் எண்ணெய் விட்டு, காதிலிருந்த ஸ்க்ரூட்ரைவரை எடுத்து நெம்பியபோது பென்சில் இரண்டாவது பத்தில் இருந்தாள். கதவு திறந்தது.

பையை ஒரே தோளில் இருபது வருஷமாகச் சுமந்ததில் அக்காவின் வலது தோள் சற்று இறங்கியே இருக்கும். இடது கைச் சட்டை முழங்கை வரை மடித்திருக்கும். வலது கை மணிக்கட்டு வரை பட்டன் போட்டிருக்கும். உள்ளே பழைய தீக்காயம். ஸ்க்ரூட்ரைவர் காதிலேயே குடியிருக்கும். பென்சில் அவளை ஒரு நிமிஷம் வெறித்துப் பார்த்தாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்லக்கா." அவசரமாகத் திரும்பி, மேஜை மேல் கிடந்த தாளை டிராயருக்குள் தள்ளினாள்.

பாத்தியா, தாளைக்கூட என்கிட்டேருந்து மறைக்குது, என்று அக்கா நினைத்தாள். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"இன்னைக்கு உங்க நூலகத்து லிஃப்ட் என் லிஸ்ட்லதான் இருக்கு. மேல வரமாட்டேன், கவலைப்படாதே" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

*

நூலகத்தில் அன்று சாயங்காலம் திருவிழாக் கூட்டம். மூன்றாவது மாடி ஹாலில் ஒரு சுவர் முழுக்கச் சிவப்புக் கம்பெனியின் நாற்பது வருஷ அட்டைகள். எதிர்ச் சுவர் முழுக்க நீலம். ஒவ்வொரு சுவரின் நடுவிலும் துணி போர்த்திய ஆளுயரப் படம் ஒன்று. இரு கம்பெனிகளும் தங்கள் புதிய நாயகியை இன்றுதான் உலகத்துக்குக் காட்டப்போகின்றன. அதற்கு முன் ஒரு விவாதம்: எது உசத்தி, சிவப்பா, நீலமா? பேசப்போவது நம் ரப்பரும் பென்சிலும். கணவன் மனைவி சண்டையை மேடை போட்டு நடத்தினால் யார்தான் வராமல் இருப்பார்கள்?

நூலகர் நல்ல மனிதர். அவருக்கு ஒரே பலவீனம், நோட்டீஸ் ஒட்டுவது. காலியாக ஒரு பரப்பைக் கண்டால் கை சும்மா இருக்காது. அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

"முதல்ல புத்தகம்" என்று நூலகர் மணி அடித்தார்.

"புத்தகத்துல சிவப்புதான்" என்றான் ரப்பர். "எங்க ஹீரோவுக்குச் சளி பிடிக்கும். பஸ்ஸ விடுவான். மேலதிகாரிகிட்ட திட்டு வாங்கிட்டு, அதுக்கப்புறம் ஊரக் காப்பாத்துவான். படிக்கறவனுக்கு, அட, நம்ம ஆளுன்னு தோணும். நீல ஹீரோ பிறக்கும்போதே மலையத் தூக்கிக்கிட்டு வருவான். அவன்கிட்ட எனக்கென்ன பேச்சு?"

கைதட்டல்.

"பேச்சு வேண்டாம், அண்ணாந்து பாருங்க" என்றாள் பென்சில். "நம்மள மாதிரியே இருக்கறவனப் பாக்கறதுக்குக் கண்ணாடி போதும். நீலம் எப்படி இருக்கலாம்னு காட்டும். ஆனா ஒத்துக்கறேன், மாசாமாசம் புத்தகமாப் படிக்கறதுக்குச் சிவப்புல உயிர் ஜாஸ்தி."

"இரண்டாவது, சினிமா!"

"சினிமாவுல நாங்க ஒரே வீடா கட்டியிருக்கோம்" என்றான் ரப்பர். "ஒரு படத்துல சிந்தின காப்பி, நாலு படம் தள்ளி வழுக்கும்."

"அதான் கஷ்டமே! பன்னெண்டாவது படம் புரியணும்னா பதினோரு படத்துக்கும் பரீட்சைக்குப் படிக்கற மாதிரி படிக்கணும். எங்க படம் ஒவ்வொண்ணும் தனி. உள்ள போலாம், வெளிய வரலாம்."

"ரெண்டு படத்துக்குத் தியேட்டரே பாதியில எழுந்து வெளிய வந்துச்சே?" என்றார் முதல் வரிசை மஞ்சள் சட்டைக்காரர். ஹால் சிரித்தது. பென்சிலும் சிரித்துவிட்டாள்.

"டிவி!"

இங்கே ரப்பர் தானாகவே கையைத் தூக்கிவிட்டான். "இது நீலம்தான். இருவது நிமிஷத்துல ஒரு முழுக் கதை, கண்ல தண்ணி வர்ற மாதிரி. எங்க கார்ட்டூன் பொம்மை விக்கறதுக்குன்னே எடுத்தது. நான் சின்ன வயசுல சிவப்புப் புத்தகத்த மடியில வெச்சுக்கிட்டு நீல கார்ட்டூன்தான் பாத்தேன்."

முன்வரிசையில் சிவப்புக் கம்பெனி ஆசிரியரின் முகம் அவர் கம்பெனியின் நிறத்துக்கே மாறியது. பக்கத்தில், இரண்டு நாற்காலி இடைவெளி விட்டு, நீலக் கம்பெனித் தயாரிப்பாளர் அம்மாள் மெல்லப் புன்னகைத்தார்.

வீடியோ கேமில் சண்டை நீண்டது. நீலத்தின் விளையாட்டில் நகரம் முழுக்க நாமே நடக்கலாம், ஒவ்வொரு சந்தும் தெரியும் என்றாள் பென்சில். சிவப்பில் நான்கு பேர் சேர்ந்து ஆடலாம், வீடே கூச்சலாக இருக்கும் என்றான் ரப்பர். "தனியா நடக்கறதா, கூட்டமா கத்தறதா, உங்க இஷ்டம்" என்று நூலகர் முடித்துவைத்து, "இப்போ புது நாயகிகள்!" என்று இரண்டு கயிறையும் ஒன்றாக இழுத்தார்.

துணிகள் விழுந்தன.

ஹாலே எழுந்து நின்று பார்த்தது.

சிவப்புச் சுவரில், வலது தோள் இறங்கி, ஒரு கைச் சட்டை மடித்து, ஒரு கைச் சட்டை பட்டன் போட்டு, காதில் ஸ்க்ரூட்ரைவரோடு ஒரு பெண் நின்றாள். நீலச் சுவரிலும் அதே தோள், அதே சட்டை, அதே ஸ்க்ரூட்ரைவர். கோடுகள் வேறு, நிறங்கள் வேறு, ஆள் ஒன்று. இருவர் காலடியிலும் பெரிய எழுத்தில் ஒரே வரி.

*பத்து வரைக்கும் எண்ணுங்க, வந்துடறேன்.*

*

பேசுவதற்குக் கிடைத்த தனியிடம் குழந்தைகள் பிரிவுதான். முழங்கால் உயர நாற்காலிகளில் ரப்பர், பென்சில், இரு கம்பெனிப் பெரியவர்கள் என நால்வரும் உட்கார்ந்தார்கள். அந்த உயரத்தில் உட்கார்ந்து கோபப்படுவது சுலபமில்லை. ஆனாலும் ஆசிரியர் சமாளித்தார்.

"ஒரு எழுத்து மாறல! ஒருத்தர் டிராயர இன்னொருத்தர் திறந்திருக்கீங்க. யாரு?"

"ஒரு வருஷ உழைப்பு" என்றார் தயாரிப்பாளர் அம்மாள். அவர் குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "திருடினவங்க யாரா இருந்தாலும், இனிமே இந்தத் துறையில பேனா பிடிக்க முடியாது."

ரப்பரும் பென்சிலும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். யாரும் திருடவில்லை என்பது இருவருக்கும் துணி விழுந்த கணமே தெரிந்துவிட்டது. ஆனால் உண்மையைச் சொல்ல முடியாது. 'இந்தப் பாத்திரம் முழுக்க என் கற்பனை. உயிரோடு இருக்கும் யாரையும் பார்த்து வரையவில்லை' என்று இருவருமே அவரவர் கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். உண்மையைச் சொன்னால் இருவர் வேலையும் போகும். சொல்லாவிட்டால் ஒருவர் வேலை போகும்.

"நான்தான் பாத்தேன்" என்றான் ரப்பர்.

"நான்தான் பாத்தேன்" என்றாள் பென்சில், அதே மூச்சில்.

ஆசிரியர் விழித்தார். "அவளப் பாத்து நீ, உன்னப் பாத்து அவ. அப்போ முதல்ல வரைஞ்சது யாருய்யா?"

வக்கீலுக்குப் போன் போட இரு பெரியவர்களும் எழுந்தார்கள். மூன்றாவது மாடியில் சிக்னல் கிடைக்காது. ஒருவரோடு ஒருவர் போக இருவருக்கும் விருப்பமில்லை. யார் முதலில் போன் போடுவது என்ற போட்டியில் இருவரும் ஒரே லிஃப்ட்டில் ஏறினார்கள்.

குட்டி நாற்காலிகளில் கணவனும் மனைவியும் மட்டும் மிஞ்சினார்கள்.

"நீயும் அக்காவா?" என்றான் அவன்.

"வேற யாரு? ரூம விட்டு வெளிய வந்தா கண்ணுல படறது அவங்கதான். பாத்தாலே பயம் போற மாதிரி ஒரு நாயகி வேணும்னு கம்பெனில கேட்டாங்க. நான் யோசிக்கவே இல்ல. கை தானா போட்டுச்சு."

"எனக்கும்தான். கேட்டியா அவகிட்ட?"

"எப்படிக் கேக்கறது? வீட்ல கம்பெனி பேசக் கூடாதே."

அவன் தலையில் அடித்துக்கொண்டான். அவள் அழ ஆரம்பித்து, பாதியில் சிரித்துவிட்டாள். வேலை போகப்போகிறது என்ற பயம் அப்படியே இருந்தது. ஆனால் தனக்காகப் பழியை ஏற்க வந்த ஆள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான் என்பதில் அவளுக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்தது.

கீழே எங்கோ மணி விடாமல் அடிக்கத் தொடங்கியது.

*

லிஃப்ட் இரண்டாவது மாடிக்கும் முதல் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டிருந்தது.

நான்கு மணிக்கு அக்கா வந்து பார்த்து, லிஃப்ட் கதவை நகர்த்தும் உருளை தேய்ந்திருப்பதைக் கண்டுபிடித்து, 'பழுது, ஏறாதீர்கள்' என்று மூன்று மாடியிலும் பலகை மாட்டிவிட்டுத்தான் புது உருளை வாங்கக் கடைக்குப் போனாள். நூலகர் அந்தப் பலகைகளைப் பார்த்தார். நல்ல பரப்பு. மேலே 'சிவப்பா நீலமா, வாருங்கள்!' என்று ஒட்டிவிட்டார். மூன்றிலும்.

உள்ளே விளக்கு அணைந்திருந்தது. வெளியே கூடியவர்களுக்குச் சத்தம் தெளிவாகக் கேட்டது.

"உங்க ஆளு இருந்தா இப்போ என்ன பண்ணுவான்?" இது தயாரிப்பாளர் அம்மாள். "சளி பிடிச்சிருக்குன்னு லீவு போட்டிருப்பான்."

"உங்க ஆளு கட்டடத்தையே தூக்கியிருப்பான்" என்றது ஆசிரியர் குரல். "நம்ம ரெண்டு பேரும் உள்ளயே நசுங்கியிருப்போம்."

உள்ளிருந்து யாரோ கதவைத் தட்டினார்கள்.

"எனக்கு மூச்சு முட்டுது" என்றார் ஆசிரியர், மெதுவாக. நூறு தடவைக்கு மேல் லிஃப்ட்டில் மாட்டியவர்களை ஹீரோ காப்பாற்றும் கதைகளை வெளியிட்ட மனிதர்.

"என் கையப் பிடிச்சுக்குங்க" என்றார் அம்மாள்.

புது உருளையோடு படியேறி ஓடிவந்த அக்கா கூட்டத்தை விலக்கி, கதவில் வாயை வைத்துப் பேசினாள்.

"உள்ள எத்தன பேரு?"

"ரெண்டு பேர்!"

"லிஃப்ட் கீழ விழாது. காத்து வரும், மேல வழி இருக்கு. சுவத்துல சாஞ்சு உக்காருங்க. நான் மேல போயி கையால சுத்தி இறக்கப் போறேன், லேசா ஆடும். பயப்பட ஒண்ணுமில்ல. பத்து வரைக்கும் எண்ணுங்க, வந்துடறேன்."

சுவரில் படித்த அதே வரி. உள்ளே இருவருக்கும் எண்ணவே மறந்துபோனது.

அக்கா மொட்டை மாடி மோட்டார் அறைக்கு ஓடினாள். மெயின் சுவிட்சை அணைத்தாள், பிரேக்கைத் தளர்த்தினாள், சக்கரத்தை அங்குலம் அங்குலமாகச் சுற்றினாள். முதல் மாடிக்கு இறங்கிவந்து சாவி போட்டுக் கதவை இழுத்தபோது, தரையில் கைகோத்து உட்கார்ந்திருந்த இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

வலது தோள் இறங்கியிருந்தது. ஒரு கை மடித்திருந்தது, மறு கை பட்டன் போட்டிருந்தது. காதில் ஸ்க்ரூட்ரைவர்.

"அம்மாடி" என்றார் ஆசிரியர்.

*

அவளை மேலே கூட்டிப்போனார்கள். படி வழியாகத்தான். ஹாலின் நடுவில் நிறுத்தினார்கள்.

அக்கா சிவப்புச் சுவரைப் பார்த்தாள். திரும்பி நீலச் சுவரைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"என் தோளு இவ்வளவா சாஞ்சிருக்கு?"

"இதவிட கொஞ்சம் ஜாஸ்திக்கா" என்றான் ரப்பர். "நான் குறைச்சுதான் போட்டேன்."

"இந்தப் பட்டன எப்படா பாத்தீங்க?"

"தினம்" என்றாள் பென்சில். "தினமும் பாக்கறோம்க்கா."

லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டு அழுகிற எத்தனையோ பேரைச் சமாதானப்படுத்தியவளுக்குத் தன்னைச் சமாதானப்படுத்தத் தெரியவில்லை. "நான் இருக்கறதே உங்களுக்குத் தெரியலன்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு, அத்தனை பேர் முன்னாலும் அழுதாள்.

சட்டைப் பையிலிருந்த கடிதத்தை எடுத்து நீட்டினாள். ரப்பர் படித்தான். பென்சில் அவன் தோள் வழியாகப் படித்தாள்.

"இன்னைக்கா? ஆறு மணிக்கா?" என்றாள் அவள்.

மணி ஐந்து நாற்பது.

"போகாதேன்னு சொல்ல எங்களுக்கு வாயில்ல" என்றான் ரப்பர். "உனக்குக் குடுக்க வேண்டிய ரூம்ல உக்காந்துதானே உன்னையே வரைஞ்சேன்."

இதற்குள் தயாரிப்பாளர் அம்மாள் தொண்டையைச் செருமினார். "திருட்டு இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு. ஆனா முழுக்கக் கற்பனைன்னு போட்ட அந்தக் கையெழுத்து பொய். அதப் பத்தி அப்புறம் பேசணும்." பிறகு அக்காவிடம் திரும்பி, குரலைத் தணித்தார். "அம்மா, உங்க உருவத்துக்கு உங்க சம்மதம் வேணும். எங்களுக்குக் குடுங்க."

"எங்களுக்கு!" என்றார் ஆசிரியர். "புத்தகத்துலதான் இவங்களுக்கு உயிர் வரும், டிவியில இல்ல."

"ரெண்டு பேரும் இருங்க." அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என்னைக் கேக்காம வரைஞ்சதுக்கு இவங்க ரெண்டு பேரையும் முதல்ல நான் திட்டணும். அது வீட்ல. உங்களுக்கு யோசிச்சுதான் சொல்வேன். அதுக்கு முன்னாடி வேற ஒரு எடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கு."

கடிதத்தை ரப்பரின் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். மோட்டார் அறையில் மெயினைப் போட வேண்டும், உருளையை மாட்ட வேண்டும், போன் பேச வேண்டும். மொட்டை மாடியில் சிக்னல் நன்றாகக் கிடைக்கும். பையை வலது தோளில் ஏற்றினாள்.

"அக்கா, என்ன சொல்லப் போறே?" என்றான் ரப்பர்.

"பத்து வரைக்கும் எண்ணுங்க, வந்துடறேன்."

போய்விட்டாள்.

ஜன்னலோரப் பெஞ்சில், முப்பது வருஷமாக நேருக்கு நேர் பேசாத இரு பெரியவர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே நோட்டில் எதையோ எழுதி எழுதி அடித்துக்கொண்டிருந்தார்கள். ரப்பரும் பென்சிலும் அதைக் கவனிக்கவில்லை. நின்றுபோன லிஃப்ட் கதவுக்கு முன்னால் நின்று, கையைப் பிடித்துக்கொண்டு எண்ணினார்கள். முதல் பத்து போனது. இரண்டாவது பத்து, ஐந்தாவது பத்து. மணி ஐந்து ஐம்பத்தெட்டு. ரப்பர் சின்னப் பையன் மாதிரி வாய்விட்டே எண்ணினான்.

எந்தப் பத்து என்பது மறந்துபோயிருந்த ஒரு பத்தில், எட்டு வரும்போது, கதவுக்கு மேல் விளக்கு எரிந்தது. லிஃப்ட் மெல்ல ஏறிவந்து சரியாகத் தரை மட்டத்தில் நின்றது. கதவு சத்தமே இல்லாமல் திறந்தது.

அக்கா உள்ளே நின்றாள். கையில் கடிதம் இல்லை. சட்டைப் பை தட்டையாக இருந்தது.

"என்னக்கா சொன்னீங்க?" என்று கேட்டாள் பென்சில்.

அக்கா கதவு உருளையை விரலால் ஒரு முறை தடவிப் பார்த்தாள். திருப்தியாகத் தலையாட்டினாள்.

"இன்னைக்கு ராத்திரி மூணு பேருக்குச் சமைங்க" என்றாள். "எனக்கு நல்ல பசி."